அருகிலுள்ள டொமைன் உறுதியாக இருந்தால் புரதம் நாரிழையாக மாறாதா? கண்-தொண்டைத் தசைத் தேய்வு நோயை முன்வைத்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் தெரிந்துகொண்டு படிக்கும்படி முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். "கண்-தொண்டைத் தசைத் தேய்வு நோய்க்குக் காரணம், ஒரு புரதத்தின் நுனியிலுள்ள அலனின் தொடர் சற்று நீண்டுவிடுவது என்று படித்தோம். அப்படியானால் அந்தத் தொடருக்குப் பக்கத்திலுள்ள டொமைனின் உறுதியைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்? அந்த டொமைனை உறுதியாக்கினால் நாரிழை உருவாவது நிற்குமா? நோயும் நிற்குமா?" மருத்துவ பீடத்துக் கருத்தரங்கு ஒன்றுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் உயிரிரசாயனம் கற்பித்துவரும் எனக்கு மிகவும் பிடித்த விடயங்களுள் இது ஒன்று என்பதால் பதில் நீண்டுவிட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

டொமைன் என்று நான் சொல்வது, புரதச் சங்கிலியில் தன்னந்தனியாக மடிந்து ஓர் உருவத்தை எடுக்கக்கூடிய துண்டை. நாரிழை என்பது பல புரதச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவாகும் நூல் போன்ற திரள். அலனின், புரதச் சங்கிலியைக் கட்டும் அமினோ அமிலங்களுள் ஒன்று. நாரிழை உருவாவது நிற்குமா என்ற கேள்விக்குப் பதில், ஆம், சோதனைக் குழாயில் அது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பது. நோயும் நிற்குமா என்பதற்குப் பதில், இந்த நோயைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது என்பது. இரண்டு பதில்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஏன் மறுப்பவை அல்ல என்பதை விளங்கிக்கொண்டால், புரதம் மடிவதைப் பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நோயை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இது பெரும்பாலும் 40 வயதைக் கடந்த பின்னரே மெல்லத் தலைகாட்டுகிறது. மேல் இமைகள் இறங்கத் தொடங்கும். பார்வையை மறைக்கும் இமைக்குக் கீழாகப் பார்ப்பதற்காக, நெற்றியைச் சுருக்கி, நாடியை உயர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்தபடி இருக்கும் பழக்கம் தம்மை அறியாமலே வந்துவிடும். சோற்றுக் கவளம் தொண்டையில் தங்கும். தண்ணீர் குடித்து இறக்க வேண்டியிருக்கும். பின்னர் அந்தத் தண்ணீரே புரையேறும். தோள், இடுப்புப் பக்கத்துத் தசைகளும் காலப்போக்கில் தளரும். 1915 இல் பொஸ்டன் நகரத்து மருத்துவர் டெய்லர், பிரெஞ்சு-கனேடியக் குடும்பம் ஒன்றில் இதைக் கண்டு எழுதினார். இன்றைய பெயர் 1962 இல் விக்டர், ஹேய்ஸ், அடம்ஸ் ஆகிய மூவரும் வைத்தது. கியூபெக்கின் பிரெஞ்சு-கனேடியரிடையே ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவர், இஸ்ரேலில் வாழும் புகாரா யூதரிடையே ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது காணப்படுகிறது. பிரான்சில் இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவே. மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகிய சமூகங்களில் ஒரு விகாரம் எப்படித் தங்கிவிடுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1980 இல் பாரிசில் தோமேயும் ஃபார்டோவும், நோயாளிகளின் தசை இழையத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, தசைக் கலங்களின் கருக்களுக்குள் நுண்ணிய குழாய் போன்ற இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கண்டார்கள். வெளி விட்டம் 8.5 நானோமீற்றர், உள் விட்டம் 3 நானோமீற்றர். எல்லாக் கருக்களிலும் அல்ல. ஒரு சிறு பங்கிலேயே அவை இருந்தன. ஆனால் மற்றத் தசை நோய்களில் காணப்படாத அளவுக்கு அவை இந்த நோய்க்கே உரிய அடையாளமாக இருந்தன. நோய்க்குக் காரணமான பரம்பரையலகை அறிய மேலும் 18 ஆண்டுகள் சென்றன. 1998 இல் மொன்றியலைச் சேர்ந்த பெர்னார்ட் பிரேயும் அவருடன் உழைத்தவர்களும், 14ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகில் விகாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பரம்பரையலகு உருவாக்கும் புரதத்தின் பெயர் பி.ஏ.பி.பி.என்.1.

இந்தப் புரதம் கருவுக்குள் இருந்து, பரம்பரையலகின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏயின் வால் நீளத்தை அளந்து கொடுக்கிறது. வாலில் அடினீன்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படும்போது இது அவற்றின் மேல் படிந்து, சேர்க்கும் நொதியத்தைத் தூண்டி, ஏறத்தாழ 250 ஆனதும் வேகம் குறைய வழிசெய்கிறது. 306 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. தொடக்க மெதியோனீனை அடுத்து, இடைவெளியே இல்லாமல் 10 அலனின்கள் வரிசையாக நிற்கின்றன. நோயாளிகளில் அந்த 10 என்பது 12 முதல் 17 வரை ஆகிறது. மிகப் பரவலானது 13. தாய், தந்தை இருவரிடமிருந்தும் 11 வந்து சேர்ந்தாலும் நோய் தோன்றலாம். ஹண்டிங்டன் நோயில் குளூட்டமீன் தொடர் 36 அல்லது அதற்கு மேல் நீள வேண்டியிருக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 306 அமினோ அமிலங்களோடு மூன்று அலனின்கள் கூடுகின்றன. அதனால் ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் சோறு விழுங்க முடியாமல் தவிக்கிறார். இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய விளைவைத் தருகிறதென்றால், அந்த மாற்றம் ஒரு சமநிலையின் விளிம்பில் வைக்கப்பட்ட சிறு பாரமாக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கேள்வியின் விடையும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

அலனின் பற்றி ஒரு சொல். அதன் பக்கக் கூட்டம் வெறும் மெதைல் மட்டுமே. மின்னேற்றமும் இல்லை, பருமனும் இல்லை. குறுகிய அலனின் தொடர் நீரில் சுருளாக இருக்க விரும்பும். பல சங்கிலிகள் அருகருகே வந்தாலோ, அதே தொடர் நீட்டி நிமிர்ந்து, பக்கத்துச் சங்கிலியோடு ஐதரசன் பிணைப்புகளால் பீற்றாத் தாளாக அடுக்கிக்கொள்ளவும் கூடும். மெதைல்கள் சிறியவை என்பதால் ஒரு தாளின் மேல் இன்னொரு தாள் நெருங்கி உட்காரும். இடையில் நீர் நுழைய இடமிராது. வேலியோரத்தில் சிலந்தி தொங்கும் இழை அறாமல் அதன் பாரத்தைத் தாங்குகிறதே, அந்த இழையின் பலமும் அலனின் தொடர்கள் இப்படி அடுக்கிய நுண்பளிங்குகளிலிருந்தே வருகிறது. சிலந்திக்கு வரமாக இருக்கும் அதே இயல்பு தசைக் கருவுக்குள் வேண்டாத இழையைத் திரிக்கிறது.

ஜேர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஷ்வார்ட்சின் குழு 2003 இல் இதைச் சோதனைக் குழாயில் காட்டியது. முழுப் புரதம் கையாளக் கடினமானது. ஒழுங்கற்ற கட்டிகளாகப் படிந்துவிடும். ஆகவே அமினோ முனைப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, அலனின் தொடரின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நோயாளிகளில் காணப்படும் அதிகபட்ச நீளத்தில் முதலில் சுருளமைப்புக் கூடியது. நீண்ட நேரம் வைத்திருந்தபோது அமிலொயிட்டை (பீற்றாத் தாள்கள் அடுக்கி உருவாகும் நாரிழை வகையை) ஒத்த நாரிழைகள் தோன்றின. உடனே அல்ல: ஒரு தாமதக் காலம் இருந்தது. முன்னரே உருவான நாரிழையில் சிறிது சேர்த்தால், பாலுக்கு உறை ஊற்றியதுபோல, அந்தத் தாமதம் குறைந்தது.

இங்கே வரை, குற்றம் முழுவதும் அலனின் தொடருடையது என்றே தோன்றும். ஆனால் எந்தப் புரதத்திலும் ஒரு தொடர் தனியாக அந்தரத்தில் தொங்குவதில்லை. அதற்கு அயலில் ஏதாவது இருக்கும். அந்த அயல் நன்றாக மடிந்த ஒரு டொமைனாக இருந்தால் என்ன நடக்கும், தளர்வாக மடிந்ததாக இருந்தால் என்ன நடக்கும் என்பதே அடுத்த கேள்வி. டொமைன் என்று நான் சொல்வது, புரதச் சங்கிலியில் தன்னந்தனியாக மடிந்து ஓர் உருவத்தை எடுக்கக்கூடிய துண்டை.

அந்தக் கேள்வியை அளந்து பார்ப்பதில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. உறுதி என்பது வெப்பவியக்கவியல் அளவு. அதை அளக்க வேண்டுமானால் மடிந்த நிலையும் விரிந்த நிலையும் ஒன்றுக்கொன்று மாறி மாறிச் சமநிலையில் நிற்க வேண்டும். நாரிழையோ திரும்பி வராத பாதை. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சமநிலை மாறிலி எழுத முடியாததைப் போலவே, நாரிழையாகிவிட்ட புரதத்துக்கும் எழுத முடியாது. ஹாலே குழு இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. நாரிழையாகும் அலனின் தொடரை, அதனோடு எந்த உறவும் இல்லாத, ஆனால் விரிந்து மடிவதில் மிகவும் ஒழுங்கான இன்னொரு புரதத்தோடு ஒட்டினார்கள். அந்தப் புரதம் பாசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பற்றீரியாவின் குளிரதிர்ச்சிப் புரதம்; சி.எஸ்.பி.பி என்பது அதன் பெயர். வெறும் 67 அமினோ அமிலங்கள், ஐந்து பீற்றா இழைகள் சேர்ந்த ஒரு சிறு பீப்பாய். ஃப்ரான்ஸ் ஷ்மிட்டின் ஆய்வுகளால் அதன் ஒவ்வொரு அசைவும் முன்னரே அளக்கப்பட்டிருந்தது.

அதன் உறுதி, அதாவது மடிந்த நிலைக்கும் விரிந்த நிலைக்கும் இடையிலான சக்தி வேறுபாடு, ஒரு மூலுக்கு 12.4 கிலோயூல். இந்த எண்ணைப் பாடப்புத்தகத்தில் கண்டால் கடந்து போய்விடுவோம். சற்று நின்று கணக்கிட்டுப் பாருங்கள். 25 பாகை செல்சியசில் வாயு மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் 2.48 கிலோயூல் வரும். 12.4 ஐ 2.48 ஆல் வகுத்தால் 5. இயற்கை மடக்கையின் அடியை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 150. அதாவது, எந்தக் கணத்தில் பார்த்தாலும் 150 மூலக்கூறுகளில் ஒன்று விரிந்து கிடக்கிறது. அதே ஒன்று எப்போதும் விரிந்தபடி கிடப்பதுமில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் வினாடிக்குச் சில தடவைகள் விரிந்து, அதைவிட வேகமாகத் திரும்ப மடிகிறது. ஒரு நாளில் இலட்சக்கணக்கான தடவைகள் கதவு திறந்து மூடப்படுகிறது. வெப்பநிலையை உடலின் 37 பாகைக்கு உயர்த்தினால் அந்த 150 இன்னும் சுருங்கிவிடும், ஏனெனில் இந்தப் புரதம் 54 பாகையளவிலேயே பாதி விரிந்துவிடுகிறது.

இப்போது அதே புரதத்தின் உறுதியாக்கப்பட்ட வடிவம் ஒன்றை எடுங்கள். அதன் உறுதி ஒரு மூலுக்கு 26.9 கிலோயூல். எண் இரட்டிப்பாக மட்டுமே தெரிகிறது. ஆனால் அதே கணக்கைச் செய்தால், விரிந்து கிடப்பது ஏறத்தாழ 50,000 மூலக்கூறுகளில் ஒன்று என்று வரும். உறுதியில் இரண்டு மடங்கு. விரிந்தவற்றின் தொகையில் முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. உறுதி அடுக்குக்குறியாக வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் மறந்துவிடுவதால்தான், சில கிலோயூல்கள் நோயையும் நலத்தையும் பிரிக்கும் என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது. ஒரு சிறு தகவலையும் சொல்லிவிடுகிறேன்: வெந்நீரில் வாழும் பாசிலஸ் கால்டோலிட்டிகஸ் என்ற பற்றீரியாவின் குளிரதிர்ச்சிப் புரதம் சி.எஸ்.பி.பியிலிருந்து 12 இடங்களில் மட்டுமே வேறுபடுகிறது. ஆனால் அது 77 பாகை வரை தாங்குகிறது. அந்த 12 இலும் பெரும்பங்கு வேலையைச் செய்பவை மேற்பரப்பிலுள்ள இரண்டே அமினோ அமிலங்கள். உறுதி என்பது புரதத்தின் உள்மையத்தில் மட்டும் இருப்பதல்ல.

சோதனையின் முடிவுகளுக்கு வருவோம். முந்திய ஆய்வு ஒன்றில் சி.எஸ்.பி.பி அலனின் தொடருக்கு வெகு தொலைவில், நீண்ட இடைத்தொடர் ஒன்றின் மறுமுனையில் ஒட்டப்பட்டிருந்தது. அலனின் பகுதி நாரிழையானது. ஆனால் அந்த நாரிழையின் வெளியில் தொங்கிய சி.எஸ்.பி.பி மடிந்தபடியே இருந்து, தன் வேலையையும் செய்தது. 2010 இல் வெளியான ஆய்வில் இடைத்தொடரைச் சுருக்கினார்கள். நேரடியாக ஒட்டியபோது சி.எஸ்.பி.பி விரிந்துவிட்டது, அதன் அமினோ முனை நாரிழையின் மையத்துக்குள் இழுக்கப்பட்டிருந்தது. புரதத்தை வெட்டும் நொதியத்தால் நறுக்கி, எந்தப் பகுதி வெட்டுப்படாமல் மையத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று பார்த்து இதை உறுதிசெய்தார்கள். இடையில் 3 அமினோ அமிலங்கள் வைத்தும் 16 வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் அது தப்பவில்லை. பிறகு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, சி.எஸ்.பி.பிக்குப் பதிலாக அந்த உறுதியான வடிவத்தை வைத்தார்கள். அது விரியவில்லை. விரியாதது மட்டுமல்ல: அந்த இணைப்புகள் ஒன்றிலும் நாரிழையே உருவாகவில்லை. அலனின் தொடர் அதே தொடர். மாறியது அயலின் உறுதி ஒன்றே.

இதை நான் வகுப்பில் சணல் கயிற்றால் காட்டுவதுண்டு. கடையில் வாங்கும் சணல் கயிற்றைப் பிரித்து ஆறு புரிகளாக எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு புரியின் நுனியிலிருந்தும் இரண்டு விரற்கடை தள்ளி ஒரு சுருக்கு முடிச்சுப் போடச் சொல்வேன். பிறகு இரண்டு மாணவர்கள் நுனிகளைச் சேர்த்துத் திரிப்பார்கள். திரி முடிச்சை எட்டும்போது ஒரு கணம் தடைப்படும். பின்னர் இழுவையில் சுருக்கு உருவிக்கொண்டு அவிழும். அவிழ்ந்த நீளமும் கயிற்றுக்குள் போய்விடும். அடுத்த முறை அதே இடத்தில் இறுக்கமான முடிச்சு. நுனிகள் எவ்வளவு முயன்றாலும் ஒன்றோடொன்று படியாது, ஏனெனில் முடிச்சுகளின் பருமன் புரிகளை நெருங்க விடாது. கைவிட்டால் பிரிந்து விழும். மூன்றாவது முறை, முடிச்சை ஒரு முழம் தள்ளிப் போடுவோம். அப்போது நுனிகள் சுகமாகத் திரிந்துவிடும், முடிச்சுகள் குஞ்சம்போல வெளியில் தொங்கும், சுருக்கு முடிச்சாக இருந்தாலும் அவிழாது. மூன்று முறையும் சணல் ஒன்றே. முடிச்சின் இறுக்கமும் அதன் தூரமுமே வேறு. இந்த ஒப்புமையில் ஒரு குறையும் உண்டு: கயிற்றில் முடிச்சை இழுவை அவிழ்க்கிறது, புரதத்தில் டொமைன் தானாகவே விரிந்து மடிந்துகொண்டிருக்கிறது, விரிந்த அந்தக் கணத்தில் நாரிழை அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் விடுவதில்லை. 150 இல் ஒன்று என்ற விரிந்த பங்கை நாரிழை எடுத்துவிட, சமநிலை மீண்டும் 150 இல் ஒன்றை விரித்துக் கொடுக்கும், அதையும் எடுத்துவிடும். திரும்பாத பாதையொன்று பக்கத்தில் திறந்திருக்கும்போது, சிறிய விரிந்த பங்கும் காலப்போக்கில் முழுவதையும் வடித்துவிடும். 50,000 இல் ஒன்று என்றாலும் கொள்கையளவில் வடியலாம். ஆனால் நாரிழை தொடங்குவதற்கே பல சங்கிலிகள் ஒரே சமயத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதால், அந்த அரிய விரிவுகள் ஒன்றையொன்று சந்திப்பது அரிது.

நீங்கள் கருத்தரங்கில் ஒரு படம்தான் காட்டலாம் என்றால் இதைக் காட்டுங்கள்: ஒரே அலனின் தொடர், இரண்டு அயல்கள், இரண்டு முடிவுகள்.

இனி, நோயும் நிற்குமா என்ற கேள்வி. இதிலிருந்து, "பி.ஏ.பி.பி.என்.1 இன் டொமைனை உறுதியாக்கினால் நோய் நிற்கும்" என்று எழுதிவிடாதீர்கள். பல மாணவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். சி.எஸ்.பி.பி மனிதத் தசையில் இல்லை. அது ஆய்வாளர் கொண்டுவந்து ஒட்டிய அளவுகோல். உண்மையான பி.ஏ.பி.பி.என்.1 இல் அலனின் தொடரை அடுத்து வருவது மடிந்த டொமைன் அல்ல. நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் நீளத்துக்குப் பெரிதும் தளர்வான, கிளைசீனும் அமிலப் பக்கக் கூட்டங்களும் மிகுந்த ஒரு பகுதி. ஆர்.என்.ஏயைப் பிடிக்கும் மடிந்த டொமைன் அதற்கும் அப்பால் இருக்கிறது. என் மூன்றாவது சணல் கயிற்றைப் போன்ற நிலை அது: முடிச்சு இருக்கிறது, ஆனால் ஒரு முழம் தள்ளி. அதை எவ்வளவு இறுக்கினாலும் நுனி திரிவதைத் தடுக்காது.

இன்னொன்றும் உண்டு. அதே ஹாலே குழு 2012 இல், முழுநீளப் புரதம் அலனின் தொடரின் துணையில்லாமலே நாரிழை நிலைக்கு மாறக்கூடும் என்று காட்டியது. அலனின் தொடரைப் பற்றிப் பத்தாண்டு உழைத்த ஒரு குழுவே, நாரிழைக்கு அதைத் தவிர வேறு வழியும் உண்டென்று வெளியிட்டிருப்பதை நான் மதிக்கிறேன். நீண்ட அலனின் ஏன் நோயைத் தருகிறது என்ற கேள்வி அதனால் முன்னைவிடக் கடினமானது. கருவுக்குள் தெரியும் இழைகள்தான் தசையைக் கெடுக்கின்றனவா, கரைந்த நிலையில் திரியும் சிறு திரள்கள் கெடுக்கின்றனவா, அல்லது புரதம் இழைகளில் சிக்கிக்கொள்வதால் ஆர்.என்.ஏ வாலைக் கவனிக்க ஆளில்லாமல் போவதா என்ற விவாதம் தொடர்கிறது. தசை நார்க்கலத்தின் கருக்கள் பிரிவதில்லை. தோலைப் போலவோ குடலைப் போலவோ பழுதான கலத்தை உதிர்த்துவிட்டுப் புதியதைக் கொண்டுவரும் வசதி அங்கே இல்லை. ஆகவே மிக மெதுவாக நடக்கும் ஒரு திரட்சியும் ஐந்து பத்தாண்டுகளில் கணக்கில் சேர்ந்துவிடும்.

டொமைன் உறுதி நேரடியாகவே நோயைத் தீர்மானிக்கும் தசை நோய்களும் இருக்கின்றன; உங்கள் கேள்விக்கு உண்மையில் அவையே பொருத்தம். ஃபிலமின்-சி என்ற தசைப் புரதத்தைப் பாருங்கள். 2,725 அமினோ அமிலங்கள். அவற்றில் இம்யூனோகுளோபியூலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தைப் போல மடிந்த 24 டொமைன்கள் மணிமாலைபோல வரிசையாக இருக்கின்றன. கடைசி டொமைனில்தான் இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. 2005 இல் ஜேர்மன் குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்ட விகாரம், 2710ஆம் இடத்தில் சங்கிலியை நிறுத்திவிடுகிறது. இழப்பது கடைசி 16 அமினோ அமிலங்கள் மட்டுமே. ஆனால் அந்த 16 உம் இல்லாமல் 24ஆம் டொமைன் சரியாக மடிந்து நிற்க முடிவதில்லை. கோத்துக்கொள்ளவும் முடியாது, புரதத்தை வெட்டும் நொதியங்களுக்கு எளிதில் இரையாகிறது, தசை நார்க்கலத்துக்குள் கட்டிகளாகத் திரண்டு, டெஸ்மின் போன்ற மற்றப் புரதங்களையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கட்டிகளை அமிலொயிட் நாரிழை என்று அழைக்கக் கூடாது. கருத்தரங்கில் யாராவது கேட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். ஆனாலும் ஒரு டொமைனின் உறுதி குலைந்ததிலிருந்து முழுத் தசையும் தளர்ந்தது என்ற வரிசை இங்கே மிகத் தெளிவு.

இதே மணிமாலை அமைப்பை மிகப் பெரிய அளவில் கொண்ட டைட்டின் என்ற தசைப் புரதம் ஏன் நம் எல்லோருடைய தசையிலும் கட்டியாகிவிடவில்லை என்ற கேள்வியும் இங்கே எழும். ஒன்றையொன்று ஒத்த ஏறத்தாழ 300 டொமைன்கள் தோளோடு தோள் நிற்கின்றன. தசை இழுபடும்போது சில விரியவும் கூடும். விரிந்த இரண்டு அயலவர்கள் ஒருவரோடொருவர் பின்னிக்கொண்டால் திரட்சி தொடங்கிவிடும். கேம்பிரிட்ஜில் ஜேன் கிளார்க், கிறிஸ்டோபர் டொப்சன் ஆகியோரின் குழு 2005 இல் இதற்கு ஒரு விடை தந்தது: பல டொமைன்கள் கொண்ட பெரிய புரதங்களில் அடுத்தடுத்து நிற்கும் டொமைன்களின் வரிசை ஒற்றுமை ஏறத்தாழ எப்போதும் 40 வீதத்துக்குக் கீழேயே இருக்கிறது. உருவம் ஒன்று, எழுத்து வேறு. பக்கத்து வீட்டுக்காரரோடு பின்னிக்கொள்ள முடியாதபடி கூர்ப்பு அவற்றை வேறுபடுத்தி வைத்திருக்கிறது. உறுதி ஒரு காவல் என்றால் இது இரண்டாவது காவல்.

உறுதியாக்குவதே மருந்தாக வந்த இடமும் ஒன்று உண்டு. அது இதயத் தசையில். ட்ரான்ஸ்தைரெற்றின் என்பது பெரும்பாலும் ஈரலில் உருவாகி இரத்தத்தில் தைரொக்சின் என்ற தைரொயிட் ஓமோனைச் சுமக்கும் புரதம். 127 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்த நாற்படியாக அது இருக்கிறது. நாற்படி பிரிந்து, ஒற்றைச் சங்கிலி பாதி விரிந்தால் மட்டுமே நாரிழை தொடங்கும். அந்த நாரிழைகள் இதயத் தசைகளுக்கிடையில் படிந்து இதயத்தை விறைப்பாக்குகின்றன. 122ஆம் இடத்து வேலின் ஐசோலியூசினாக மாறினால் நாற்படி எளிதில் பிரிகிறது. 119ஆம் இடத்துத் திரியோனின் மெதியோனீனாக மாறினாலோ பிரிவது வெகுவாக மெதுவாகிறது. அதைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களில், வேறொரு தீய விகாரம் இருந்தாலும், நோய் தணிகிறது. இயற்கை காட்டிய அந்தப் பாதுகாப்பைப் பின்பற்றி, தைரொக்சின் அமரும் குழிகளில் அமர்ந்து நாற்படியைப் பிடித்து வைத்திருக்கும்படி ஜெஃப்ரி கெலியின் ஆய்வுகூடத்தில் ஒரு சிறு மூலக்கூறு வடிவமைக்கப்பட்டது. டஃபாமிடிஸ் என்ற அந்த மருந்து 2011 இல் ஐரோப்பாவில் நரம்பு வகை நோய்க்கும், 2019 இல் அமெரிக்காவில் இதய வகை நோய்க்கும் அனுமதி பெற்றது. நாரிழையை அது கரைப்பதில்லை. நாரிழைக்கு மூலப்பொருள் கிடைக்காமல் செய்கிறது. உங்கள் கேள்வியில் நீங்கள் கற்பனை செய்த மருந்து இதுதான். ஆனால் அது வேலை செய்வதற்குக் காரணம், அங்கே பிடித்து நிறுத்தக்கூடிய மடிந்த உருவம் ஒன்றும், மருந்து அமரக் குழி ஒன்றும் இருந்ததே. பி.ஏ.பி.பி.என்.1 இன் தளர்ந்த நுனியில் இரண்டும் இல்லை.

ஆகவே கண்-தொண்டைத் தசைத் தேய்வில் ஆய்வாளர்கள் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். விகாரமான புரதத்தின் உற்பத்தியை அடக்கி, அதே சமயத்தில் நலமான பிரதியைத் தசைக்குக் கொடுக்கும் பரம்பரையலகுச் சிகிச்சை அவற்றுள் ஒன்று. எலிகளில் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்கொல்லி மருந்தும் ட்ரெஹலோஸ் என்ற வெல்லமும் திரட்சியைக் குறைத்துத் தசைத் தளர்வைத் தாமதப்படுத்தியதாக 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நோயாளிக்கு இப்போது கைகொடுப்பவை இமையை உயர்த்தும் சத்திரசிகிச்சையும், விழுங்குவதற்குத் தடையாக இறுகி நிற்கும் தொண்டைக் கீழ்த்தசையை வெட்டித் தளர்த்தும் சத்திரசிகிச்சையும், உணவைப் பதமாக்கிச் சிறு சிறு கவளங்களாக உண்ணும் பயிற்சியுமே.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், அம்மம்மாவின் இமையும் சில காலமாக இறங்கியிருப்பதாகவும் இந்த நோயைப் படித்ததிலிருந்து மனம் ஒருநிலையில் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வயதானவர்களில் இமை இறங்குவதற்கு மிகப் பொதுவான காரணம் இமையைத் தூக்கும் தசையின் தசைநாண் வயதால் இழுபட்டுத் தளர்வது. அதில் விழுங்குவதற்குச் சிரமம் இராது. மாலையில் கூடிக் காலையில் குறைகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் தசைக் களைப்பு நோயான மயஸ்தீனியாவை முதலில் விலக்க வேண்டும், ஏனெனில் அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அம்மம்மா சோறு உண்ணும்போது பக்கத்தில் இருந்து, எத்தனை தடவை தண்ணீர் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். கவனித்ததைக் குறித்துக்கொண்டு, அவரைக் கண் மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். கருத்தரங்கு அதற்குப் பிறகு இருக்கட்டும்.